கப்பல்களுக்குக் கண்ணாக இருந்த கோட்டை

மாணவச் செல்வங்களே! ஒரு கேள்வியோடு தொடங்குவோமா?

குன்றின் உச்சியில் கோட்டை கட்டுவது எதற்காக?

"எதிரிகள் வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும்" என்று முன் வரிசையில் இருப்பவர்கள் சொல்வீர்கள். "அவ்வளவு சுலபமாக யாரும் ஏறி வர முடியாது. வந்தால் மேலிருந்து கல்லை உருட்டலாம்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். இரண்டுமே சரியான பதில்கள்தான். ஆனால், மூன்றாவதாக ஒரு பதிலும் இருக்கிறது. அதைத் தேடி இன்று நாம் இங்கிலாந்துக்குப் போகப் போகிறோம்.

விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம். கம்பளிச் சட்டையை மட்டும் மனதுக்குள் மாட்டிக்கொள்ளுங்கள். வடகடல் காற்று சில்லென்று அடிக்கும்!

பெயரில் பாம்பு!

நாம் பார்க்கப் போகும் கோட்டையின் பெயர் பாம்பரா. பெயரில் பாம்பு இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். இந்தக் கோட்டைக்கும் பாம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஏத்தல்ஃப்ரித் என்றொரு மன்னர் ஆண்டார். அவருடைய ராணியின் பெயர் பெப்பா. பழைய ஆங்கிலத்தில் 'பர்' என்றால் கோட்டை. பெப்பாவின் கோட்டை என்ற பொருளில் 'பெப்பன்பர்' என்று அழைத்தார்கள். வாயில் புரண்டு புரண்டு அது பாம்பரா ஆகிவிட்டது.

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தின் கடற்கரையில் இருக்கிறது இந்தக் கோட்டை. நியூகாசில் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஸ்காட்லாந்து எல்லை வந்துவிடும். கீழே சின்னஞ்சிறு கிராமம். ஒரு பக்கம் அகன்ற மணற்பரப்பு. அதைத் தாண்டினால் கடல். நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் கரும்பாறை. அதன் தலையில் கிரீடம் வைத்தது போல நீளமான, இளஞ்சிவப்புக் கற்கோட்டை!

நெருப்பில் பிறந்த பாறை

மேலே ஏறுவதற்கு முன் பாறையைக் கொஞ்சம் பாருங்கள். ஏறக்குறைய 45 மீட்டர் உயரம். பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சுமார் 29.5 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் கொதித்துக்கொண்டிருந்த பாறைக் குழம்பு, மேலே இருந்த பாறை அடுக்குகளுக்கு இடையே புகுந்தது. வெளியே வர வழியில்லாமல் அங்கேயே பரவி, மெல்ல மெல்ல ஆறி இறுகியது. பிறகு மேலே மூடியிருந்த மென்மையான அடுக்குகளை மழையும் காற்றும் பனியும் கரைத்துவிட, கெட்டியான இந்தப் பாறை வெளியே தலைகாட்டியது. இதற்கு 'வின் சில்' என்று பெயர்.

இதே பாறைதான் கடலுக்கு அடியிலும் நீண்டு போகிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அது மறுபடியும் தலை தூக்கும் இடங்கள்தான் ஃபார்ன் தீவுகள். கடல் நீர் வற்றும்போது எண்ணினால் தீவுகள் அதிகம். நீர் ஏறியபின் எண்ணினால் குறைவு. அப்படியானால் மற்றவை எங்கே போயின? தண்ணீருக்குக் கீழே ஒளிந்துகொண்டன!

இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

காற்று திரும்பியது!

சரி, இப்போது ஏறலாம். வளைந்து செல்லும் பாதை, உயர்ந்த மதில், குறுகலான நுழைவாயில்.

கி.பி. 547-இல் இடா என்ற மன்னர் இந்தப் பாறையைத் தன் இடமாக்கிக்கொண்டார் என்று பழைய ஆங்கில வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அப்போது கல் மதில் கிடையாது. முதலில் முள்வேலி, பிறகு மரச்சுவர். மரம் என்றால் எதிரிக்கு உடனே என்ன தோன்றும்? நெருப்பு!

7-ஆம் நூற்றாண்டின் நடுவில் மெர்சியா நாட்டு மன்னர் பெண்டா படையெடுத்து வந்தார். கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. உடனே சுற்றியிருந்த கிராமங்களின் வீடுகளைப் பிரிக்கச் சொன்னார். உத்தரம், கம்பு, கூரை வைக்கோல் எல்லாவற்றையும் கோட்டைச் சுவர் ஓரமாக மலைபோலக் குவித்தார். காற்று கோட்டையை நோக்கி வீசும் நேரம் பார்த்துத் தீ வைத்தார்.

எதிரே ஃபார்ன் தீவில் தங்கியிருந்த எய்டன் என்ற துறவி, புகையும் தீயும் சுவருக்கு மேலே எழுவதைப் பார்த்தார். கைகளை உயர்த்திக் கண்ணீரோடு வேண்டினார். சட்டென்று காற்று திசை மாறியது. தீ வைத்தவர்கள் மீதே தீ பாய்ந்தது. பெண்டாவின் வீரர்கள் பின்னங்கால் பிடரியில் பட ஓடினார்கள்! பீட் என்ற துறவி 8-ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்று நூலில் இந்தச் செய்தி இருக்கிறது.

ஆனால், காற்று எப்போதுமே உதவிக்கு வருமா? 993-இல் கடல் வழியாக வந்த வைக்கிங் கொள்ளையர்கள் கோட்டையைச் சூறையாடிவிட்டார்கள்.

கோட்டையா, கணவரா?

1095-ஆம் ஆண்டு. கோட்டை ராபர்ட் டி மௌப்ரே என்ற பிரபுவின் கையில் இருந்தது. அவர் மன்னர் இரண்டாம் வில்லியமை எதிர்த்தார். மன்னர் படையோடு வந்து பார்த்தார். பாறையில் ஏற வழியே இல்லை. என்ன செய்தார் தெரியுமா? இந்தக் கோட்டைக்கு எதிரிலேயே தற்காலிகமாக இன்னொரு கோட்டையைக் கட்டினார்! அதற்கு அவர் வைத்த பெயர் 'மால்வாசின்'. 'பொல்லாத பக்கத்து வீட்டுக்காரன்' என்று அர்த்தம்.

கோட்டையை விட்டு ரகசியமாக வெளியேறிய மௌப்ரே பிடிபட்டார். ஆனாலும், அவர் மனைவி மட்டில்டா கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. மன்னர், மௌப்ரேயைக் கோட்டை வாசலுக்குக் கொண்டுவரச் செய்தார். "கதவைத் திறக்காவிட்டால் இவர் கண்களைப் பிடுங்கிவிடுவேன்" என்று மிரட்டினார்.

மட்டில்டா கதவைத் திறந்துவிட்டார். மதில் தோற்கவில்லை. ஓர் உயிரின் முன்னால் கோட்டை பெரிதில்லை என்று அந்தப் பெண் முடிவு செய்தார். அவ்வளவுதான்.

பீரங்கியின் முன்னே

உள்ளே வந்தால் நடுநாயகமாக நிற்கும் சதுரமான கோபுரத்தைப் பார்க்கலாம். 12-ஆம் நூற்றாண்டில் நார்மன் மன்னர்கள் காலத்தில் எழுந்தது. இந்த வளாகத்தில் நிமிர்ந்து நிற்கும் மிகப் பழைய கட்டடம் இதுதான். சுவரின் கனம் சுமார் 3 மீட்டர்! உங்கள் வகுப்பறைச் சுவரை அளந்து பாருங்கள். அதுபோல எத்தனை சுவர்களை அடுக்கினால் 3 மீட்டர் வரும் என்று கணக்குப் போடுங்கள்.

அம்புக்கும் ஈட்டிக்கும் அசையாத கோட்டை, 1464-இல் அசைந்தது. அப்போது இங்கிலாந்தில் அரியணைக்காக இரண்டு குடும்பங்கள் மோதிக்கொண்டிருந்தன. வாரிக் பிரபு பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்து சுட்டார். கற்கள் பறந்து கடலில் விழுந்தன. இங்கிலாந்தில் பீரங்கித் தாக்குதலால் வீழ்ந்த முதல் கோட்டை என்று பாம்பரா வரலாற்றில் இடம்பிடித்தது.

அதன்பிறகு கவனிப்பார் இல்லை. கூரை விழுந்தது. கடற்காற்று மணலை வாரி வாரிக் கொட்டியது. அறைகள் மணலில் புதைந்தன. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது பாழடைந்த கோட்டையாகவே கிடந்தது.

மணலுக்குள் கிடைத்த கிணறு

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டர்ஹம் நகரின் ஆயராக இருந்த கிரூ பிரபு இந்தக் கோட்டையை வாங்கினார். 1721-இல் அவர் இறந்தபோது தன் சொத்தை அறக்காரியங்களுக்கு எழுதி வைத்தார். அந்த அறக்கட்டளையைக் கவனிக்க வந்தவர்களில் ஒருவர் ஜான் ஷார்ப் என்ற மதகுரு. இங்கிலாந்தில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பின் அண்ணன் இவர்.

ஜான் ஷார்ப் கோபுரத்தைச் சீர்செய்யத் தொடங்கினார். ஆட்கள் கீழறையிலிருந்து மணலை அள்ளினார்கள். அள்ள அள்ள, 1770-இல் ஓர் ஆழமான கிணறு வெளிப்பட்டது! கெட்டியான பாறையைக் குடைந்து சுமார் 44 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். குன்றின் உயரம் அளவுக்கே கிணற்றின் ஆழம்! 8-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கிணறு இருந்ததாகப் பழைய குறிப்பு உண்டு.

வெடிமருந்து இல்லாத காலத்தில் இதை எப்படித் தோண்டினார்கள்? பாறையின் மேல் நெருப்பு மூட்டி நன்றாகச் சூடேற்றுவார்களாம். பிறகு குளிர்ந்த நீரைக் கொட்டுவார்களாம். மேற்பகுதி சட்டென்று சுருங்கும். உள்ளே இன்னும் சூடு இருப்பதால் அது சுருங்காது. இந்த இழுபறியில் பாறை விரிசல் விடும். சூடான கண்ணாடித் தம்ளரில் ஜில் தண்ணீரை ஊற்றினால் 'படீர்' என்று விரிசல் விடுமே, அதே அறிவியல்தான். (வீட்டில் செய்து பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்காதீர்கள்!)

மூன்றாவது பதில்

இப்போது கடல் பக்கத்து மதிலுக்கு வாருங்கள். வரிசையாகப் பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. தூரத்தில் ஃபார்ன் தீவுகள் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன.

தண்ணீருக்குக் கீழே ஒளியும் பாறைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவை கப்பல்களுக்கு எமன். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல்கள்தான். ரேடியோ கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. பனிமூட்டத்திலும் புயலிலும் வழி தெரியாமல் வந்து மோதி உடைந்த கப்பல்கள் ஏராளம். கரையில் இருந்தவர்களில் சிலர் மிதந்து வரும் சரக்குகளை அள்ளிக்கொண்டு போவதும் நடந்தது.

ஜான் ஷார்ப் யோசித்தார். இந்த உயரத்திலிருந்து பார்த்தால் நெடுந்தூரக் கடல் தெரிகிறது. எதிரி வருகிறானா என்று பார்க்கக் கட்டிய இடம். இப்போது எதிரி இல்லை. ஆனால், கடலில் தவிப்பவர்கள் இருக்கிறார்களே!

கோட்டை புதிய வேலையைத் தொடங்கியது. பனிமூட்டம் சூழ்ந்தால் மணி ஒலித்தது. 'பாறை இருக்கிறது, விலகிப் போ' என்பது அதன் பொருள். ஆபத்தில் சிக்கிய கப்பல் கண்ணில் பட்டால் பீரங்கி முழங்கியது. பக்கத்துத் தீவின் மீனவர்கள் அதைக் கேட்டுப் படகோடு புறப்பட்டார்கள். முதலில் போய்ச் சேருகிற படகுக்குப் பரிசும் உண்டு. புயல் இரவுகளில் காவலர்கள் குதிரையில் ஏறி, கடற்கரை நெடுகச் சுமார் 13 கிலோமீட்டர் தூரம் சுற்றி வந்தார்கள். காப்பாற்றப்பட்ட மாலுமிகளுக்குக் கோட்டைக்குள்ளேயே படுக்கை, உணவு. கரை சேர்ந்த சரக்குகளுக்குப் பாதுகாப்பு. இறந்து ஒதுங்கியவர்களை மரியாதையோடு அடக்கம் செய்யவும் ஏற்பாடு இருந்தது.

ஒரு காலத்தில் உயிரை எடுத்த பீரங்கி, இப்போது உயிரைக் காக்கக் குரல் கொடுத்தது!

நிலத்தில் இருந்தவர்களையும் அவர் மறக்கவில்லை. ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், நோயாளிகளுக்கு மருந்தகம், மாவு அரைக்கக் காற்றாலை, பஞ்ச காலத்தில் குறைந்த விலையில் தானியம். எல்லாமே கோட்டைக்குள்! அந்தக் காற்றாலையின் கல் கோபுரம் இன்றும் வடக்கு மூலையில் நிற்கிறது.

மூழ்காத படகு

மீட்கப் போகும் படகே கவிழ்ந்தால் என்ன செய்வது? லண்டனில் லயனல் லூக்கின் என்பவர் இருந்தார். குதிரை வண்டி செய்வது அவர் தொழில். 1785-இல் மூழ்காத படகுக்கு அவர் காப்புரிமை பெற்றிருந்தார். ஷார்ப் கேட்டுக்கொண்டபடி, 1786-இல் பாம்பராவின் மீன்பிடிப் படகு ஒன்றை அவர் மாற்றி அமைத்தார். விளிம்பைச் சுற்றித் தக்கை; உள்ளே காற்றடைத்த அறைகள். நீர் நிறைந்தாலும் படகு மிதக்கும். உயிர்காப்புப் படகுகளின் வரலாறு தொடங்கிய இடங்களில் பாம்பராவும் ஒன்று!

உங்களுக்குத் தெரியுமா?

* ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் காலத்து நெடுஞ்சுவரின் ஒரு பகுதியும் இதே 'வின் சில்' பாறையின் மேல்தான் செல்கிறது.
* 1971-இல் இங்கே நடந்த அகழாய்வில், கட்டைவிரல் நகம் அளவே உள்ள சின்னத் தங்கத் தகடு கிடைத்தது. அதில் ஒரு விலங்கின் உருவம் இருக்கிறது. 'பாம்பரா மிருகம்' என்று அதற்குப் பெயர்.
* 2023-இல் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் திரைப்படத்தின் சில காட்சிகளை இங்கே படமெடுத்தார்கள்.
* ஃபார்ன் தீவுகளில் சாம்பல் நிற சீல்களும், வண்ண அலகு கொண்ட பஃபின் பறவைகளும் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன.

பீரங்கி செய்தவர் கட்டிய மண்டபம்

அடுத்து, அரசர் மண்டபம். நிமிர்ந்து பாருங்கள்! தாய்லாந்துத் தேக்கில் செய்த கூரை. பழங்கால மன்னர்கள் விருந்து உண்ட இடம் என்று நினைப்பீர்கள். இல்லை. இதற்கு வயது 120 சொச்சம்தான்.

1894-இல் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்ற பொறியாளர் கோட்டையை வாங்கினார். நிலவில் நடந்தவர் வேறு ஆம்ஸ்ட்ராங், இவர் வேறு. வழக்கறிஞராக இருந்து பொறியாளர் ஆனவர். நீரின் அழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகளைச் செய்தவர். நீர்மின்சாரத்தால் தன் வீட்டுக்கு விளக்கேற்றிய முன்னோடி. அவருக்குப் பெரும் புகழும் பணமும் சேர்த்த இன்னொரு தொழில் என்ன தெரியுமா? பீரங்கி தயாரிப்பது!

வேடிக்கையைப் பாருங்கள். பீரங்கியால் வீழ்ந்த கோட்டையை 430 ஆண்டுகள் கழித்து ஒரு பீரங்கித் தயாரிப்பாளர் எடுத்துக் கட்டினார். வேலை முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1900-இல், 90 வயதில் காலமானார். அவர் குடும்பத்தினர் முடித்து வைத்தார்கள். இன்றும் கோட்டை அவர்களுடையதுதான். கட்டணம் செலுத்தி நாம் உள்ளே சென்று பார்க்கலாம்.

பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எது பழசு, எது புதுசு என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே, பழங்கோட்டை எதற்குப் போனாலும் "இந்தச் சுவர் எந்தக் காலத்தது?" என்று கேளுங்கள். நல்ல மாணவருக்கு அழகு, கேள்வி கேட்பதுதான்.

ஜன்னல் வழியே பார்த்த பெண்

கீழே இறங்கி, கிராமத்துத் தேவாலயத் தோட்டத்துக்குப் போவோம். அங்கே ஒரு பெண்ணின் நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லில் படுத்திருக்கும் அவள் பக்கத்தில் ஒரு துடுப்பு. கடலில் போகும் கப்பல்களுக்கும் தெரியும்படி அதை எழுப்பினார்கள். பெயர் கிரேஸ் டார்லிங். 1815-இல் இந்தக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா, ஃபார்ன் தீவுகளில் கடைசியாக இருக்கும் லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் காவலர்.

1838, செப்டம்பர் 7. விடியும் முன் பெரும் புயல். ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜன்னல் வழியே பார்த்த கிரேஸ்தான் அதை முதலில் கண்டாள். வெளிச்சம் வந்தபிறகு பாறையில் சிலர் உயிரோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

அப்பாவும் மகளும் துடுப்புப் படகில் இறங்கினார்கள். அலையின் வேகத்துக்குத் தப்ப, தீவுகளின் மறைவில் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய ஒரு மைல் துடுப்புப் போட்டார்கள். அப்பா பாறையில் குதித்தார். படகு பாறையில் மோதாமல், தூரமாகவும் போகாமல், இரண்டு துடுப்புகளையும் பிடித்துத் தன்னந்தனியாக அதை நிலைநிறுத்தினாள் கிரேஸ். அப்போது அவளுக்கு வயது 22. முதல் நடையில் ஐந்து பேர். காப்பாற்றப்பட்டவர்களில் இருவர் துணையோடு அப்பா போன இரண்டாவது நடையில் நான்கு பேர். ஒன்பது உயிர்கள் பிழைத்தன!

நாடே அவளைக் கொண்டாடியது. பதக்கம் கிடைத்தது, பரிசுகள் குவிந்தன. நான்கே ஆண்டுகளில், 26 வயதில், காசநோயால் அவள் இறந்துவிட்டாள். தேவாலயத்துக்கு எதிரே 1938-இல் அவளுக்கென ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள்.

பக்கத்து ஊரான சீஹவுஸஸில் இன்றும் உயிர்காப்புப் படகு நிலையம் இருக்கிறது. தன்னார்வத் தொண்டர்கள்தான் அதில் பெரும்பாலும் கடலுக்குப் போகிறார்கள். கூப்பிட்ட குரலுக்கு, செய்யும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள்.

செல்வங்களே, இப்போது மூன்றாவது பதில் கிடைத்துவிட்டதா? பாம்பராவின் மதில் ஒரு முறை சூறையாடப்பட்டது, ஒரு முறை சரணடைந்தது, ஒரு முறை இடிந்தது. ஆனால், பாறையின் உயரம் மட்டும் குறையவே இல்லை. யாரை உள்ளே விடக்கூடாது என்று பார்க்க உதவிய அதே உயரம், யாருக்கு உதவி வேண்டும் என்று பார்க்கவும் உதவியது. இடம் அதுவேதான். பார்க்கிற நோக்கம்தான் மாறியது.

படிப்பிலோ விளையாட்டிலோ வசதியிலோ நீங்கள் மற்றவர்களைவிட ஒரு படி உயரத்தில் இருக்கலாம். அங்கிருந்து பார்த்தால் வகுப்பில் யாரோ ஒருவர் தத்தளிப்பது உங்கள் கண்ணில்தான் முதலில் படும். கணக்குப் புரியாமல் விழிக்கும் பிள்ளையாக இருக்கலாம். மதியச் சாப்பாடு கொண்டுவராத பிள்ளையாக இருக்கலாம். முதலில் பார்த்தவருக்குத்தான் முதல் கடமை.

கிரேஸ் துடுப்பை எடுத்தாள். நீங்கள் என்ன எடுக்கப் போகிறீர்கள்?